எடை குறைந்தது, இஜிஎஃப்ஆரும் குறைந்தது: அஞ்ச வேண்டுமா?

நீங்கள் கேட்டிருப்பதன் சாரம் இது. உங்களுக்கு வயது 46, உயரம் 170 சென்டிமீட்டர். சில ஆண்டுகளாகச் சர்க்கரை நோய் இருக்கிறது. உணவைக் குறைத்தும் நாள்தோறும் நடந்தும் 92 கிலோவிலிருந்து 83 கிலோவுக்கு வந்திருக்கிறீர்கள். ஆனால் இரத்தப் பரிசோதனையில், சிறுநீரகம் வெளியேற்றும் கழிவான கிரியாட்டினின் 0.8இலிருந்து 1.0 ஆக ஏறி, சிறுநீரகம் வடிகட்டும் வேகத்தின் மதிப்பீடான இஜிஎஃப்ஆர் 110இலிருந்து 94 ஆக இறங்கிவிட்டது. பட்டினி கிடந்து கிட்னியைக் கெடுத்துக்கொண்டீர்கள் என்று வீட்டில் சொல்கிறார்கள். உணவுக் கட்டுப்பாட்டை நிறுத்திவிடலாமா என்று கேட்கிறீர்கள். நீங்கள் போகிற போக்கில் எழுதியிருக்கும் இன்னோர் எண்ணும் இருக்கிறது: ஆல்புமின் என்ற இரத்தப் புரதம் சிறுநீரில் எவ்வளவு கசிகிறது என்பதைக் காட்டும் ஆல்புமின்–கிரியாட்டினின் விகிதம் கிராமுக்கு 140 மில்லிகிராமிலிருந்து 60 ஆகக் குறைந்திருக்கிறது. என் பார்வையில் இந்த அறிக்கையில் முதலில் படிக்க வேண்டிய எண் அதுதான். அதை வைத்துப் பார்த்தால், உங்கள் சிறுநீரகம் கெட்டதாகத் தெரியவில்லை. அதன் மேலிருந்த அழுத்தம் தணிந்திருப்பதாகவே தோன்றுகிறது. எனவே நிறுத்த வேண்டாம். ஆனால் எப்படிக் குறைக்கிறீர்கள் என்பதைக் கவனிக்க வேண்டும்.

பருமனான உடலில் சிறுநீரகம் படும் பாட்டைத் தெரிந்துகொண்டால் இந்த எண்கள் விளங்கும். ஒவ்வொரு சிறுநீரகத்திலும் ஏறத்தாழ 10 லட்சம் நெஃப்ரான்கள், அதாவது நுண்ணிய வடிகட்டும் அலகுகள், உள்ளன. ஆளுக்கு ஆள் இந்த எண்ணிக்கை பெரிதும் மாறும். பிறக்கும்போது இருப்பவைதாம் கடைசி வரைக்கும். உடல் இருபது, முப்பது கிலோ பெருத்தாலும் புதிய நெஃப்ரான் ஒன்றுகூட முளைப்பதில்லை; இருப்பவைதாம் கூடுதல் வேலையை ஏற்றுக்கொள்ள வேண்டும். எடை கூடும்போது இரத்தத்தில் இன்சுலின் மிகுகிறது, பரிவு நரம்புகள் தூண்டப்படுகின்றன, இரத்த அழுத்தத்தை ஏற்றும் ரெனின்–ஆஞ்சியோடென்சின் தொகுதி முடுக்கிவிடப்படுகிறது, சிறுநீரகத்தைச் சுற்றிப் படியும் கொழுப்பும் அதை நெருக்குகிறது. இவை எல்லாம் சேர்ந்து, வடிகட்டப்பட்ட நீரிலிருந்து வழக்கத்தைவிட அதிகமான சோடியத்தைச் சிறுநீரகக் குழல்கள் மீண்டும் இரத்தத்துக்கே இழுத்துக்கொள்ளும்படி செய்கின்றன. இதனால் இரத்த அழுத்தம் ஏறுகிறது. குழலின் பின்பகுதிக்கு உப்பு குறைவாக வந்துசேர்வதை அங்கிருக்கும் உணர்செல்கள் வடிகட்டல் போதவில்லை என்பதற்கான அடையாளமாக எடுத்துக்கொண்டு, நெஃப்ரானின் வடிகட்டும் நுண்குழாய்ச் சுருளான வடிமுடிச்சுக்குள் இரத்தத்தைக் கொண்டுவரும் நுண்தமனியை விரித்துவிடுகின்றன. இரத்தம் கூடுதல் அழுத்தத்தோடு பாய, வடிகட்டும் வேகம் இயல்பைத் தாண்டிப் போகிறது. மருத்துவர்கள் இதை மிகைவடிகட்டல் என்கிறார்கள்.

பார்வைக்கு இது சிறுநீரகம் மிக நன்றாக வேலை செய்வதுபோல் இருக்கும், அதுதான் சிக்கல். வடிமுடிச்சின் சுவரைப் போர்த்தியிருக்கும் போடோசைட்டுகள் என்ற செல்கள் ஏறத்தாழ நரம்புச் செல்களைப் போலவே பிரிந்து பெருகும் திறன் இல்லாதவை. வடிமுடிச்சு அழுத்தத்தில் விரியும்போது அவை இழுபடுகின்றன. சில கழன்று சிறுநீரோடு போய்விடுகின்றன. அவை விட்டுப்போன இடத்தில் ஆல்புமின் கசிகிறது, பின்னர் அங்கே தழும்பு உண்டாகிறது, தழும்பேறிய நெஃப்ரானின் வேலையும் மிஞ்சியவற்றின் தலையில் விழுகிறது. மிகப் பருமனான நோயாளிகளுக்குச் சிறுநீரில் பெருமளவு புரதம் வெளியேறுவது 1974ஆம் ஆண்டிலேயே மருத்துவ இதழில் விவரிக்கப்பட்டது. சர்க்கரை நோயும் இதே மிகைவடிகட்டலைத் தன் வழியில் உண்டாக்குவதால், உங்களைப் போன்றவர்களுக்கு இரண்டு பக்கமிருந்தும் இடி.

எடை குறைந்தால் இந்தச் சங்கிலி பின்னோக்கி அவிழ்கிறது. இஸ்ரேலில் நடந்து 2003இல் வெளியான ஒரு சிறிய ஆய்வில், மிகப் பருமனான எட்டுப் பேருக்கு அறுவை சிகிச்சையால் எடை குறைந்த பிறகு வடிகட்டும் வேகம் நிமிடத்துக்கு 145 மில்லிலிட்டரிலிருந்து 110 ஆக இறங்கியது. சிறுநீரில் ஆல்புமினும் கூடவே குறைந்தது. அவர்கள் எடை இழந்தது அறுவை சிகிச்சையால்தான் என்றாலும், உடலியங்கியல் வேறில்லை. உங்கள் கணக்கையும் இப்படிப் பாருங்கள். இஜிஎஃப்ஆர் என்பது 1.73 சதுர மீட்டர் உடல் பரப்புக்கு ஈடுகட்டிச் சொல்லப்படும் எண். 1920களின் அமெரிக்க இளைஞர்களின் சராசரியாகக் கணக்கிடப்பட்ட பரப்பளவு அது. 92 கிலோவில் உங்கள் பரப்பு ஏறத்தாழ 2.08 சதுர மீட்டர். அந்த ஈடுகட்டலை நீக்கினால் உங்கள் 110 உண்மையில் நிமிடத்துக்கு 132 மில்லிலிட்டராக இருந்திருக்கும். இப்போது அதே கணக்கில் ஏறத்தாழ 108. இவையும் மதிப்பீடுகளே, ஆனால் ஆல்புமின் கசிந்துகொண்டிருந்த ஒரு சர்க்கரை நோயாளிக்கு 132 என்பது பெருமைப்பட வேண்டிய எண்ணாக இருந்திருக்காது. டெல்மிசார்ட்டன் வகை இரத்த அழுத்த மாத்திரைகளைத் தொடங்கும்போதும் இதேபோன்ற தொடக்கச் சரிவு வரும். முதல் நான்கு வாரங்களில் கிரியாட்டினின் 30 சதவீதத்துக்குள் ஏறினால் மாத்திரையைத் தொடரலாம் என்பதே வழிகாட்டு நெறி. ஏனெனில் உள்ளழுத்தம் தணிந்ததன் அடையாளம் அது.

சரிவுகள் எல்லாமே இப்படி நல்லவையல்ல. ஆல்புமின் குறையாமல் இஜிஎஃப்ஆர் மட்டும் இறங்கினாலோ, ஒருமுறை இறங்கி நிற்காமல் தொடர்ந்து வழுக்கிக்கொண்டே போனாலோ அதற்கு எடைக் குறைப்பைக் காரணம் சொல்லிச் சமாதானமடையக் கூடாது. இதற்கு நேர்மாறான ஏமாற்றம் ஒன்றும் உண்டு. கிரியாட்டினின் தசையில் உருவாகும் கழிவு. தசை கரைந்தால் அதுவும் குறையும். கஞ்சியும் பழச்சாறுமாகப் பட்டினி கிடந்து பத்துக் கிலோ இழந்த ஒருவருக்குக் கிரியாட்டினின் 1.4இலிருந்து 1.2 ஆகிவிட்டால், சிறுநீரகம் தேறிவிட்டதாகவே வீட்டில் எல்லாரும் மகிழ்வார்கள். உண்மையில் சிறுநீரகம் இருந்த இடத்திலேயே இருக்க, தசை மட்டும் போயிருக்கலாம். தழும்பேறிப் போன நெஃப்ரானை எந்த உணவும் எந்த நடையும் மீட்டுத் தராது. உடற்பயிற்சிக் கூடத்துக்குப் போய்த் தசை ஏற்றுபவர்களுக்கும், கிரியேட்டின் பொடி சாப்பிடுபவர்களுக்கும், பரிசோதனைக்கு முந்தைய இரவு பிரியாணி உண்டவர்களுக்கும் கெடுதல் எதுவும் நேராமலே கிரியாட்டினின் சற்று ஏறலாம். ஐயம் தீராவிட்டால் சிஸ்டாட்டின் சி என்ற பரிசோதனையைச் செய்துகொள்ளலாம். அது தசையைச் சார்ந்ததன்று. ஆனால் பருமன், அழற்சி, புகைப்பழக்கம், தைராய்டுக் கோளாறு ஆகியவை அதையும் அசைக்கும்.

சான்றுகள் எந்த அளவு உறுதியானவை என்பதையும் நேர்மையாகச் சொல்லிவிட வேண்டும். பருமனுக்கும் சிறுநீரகச் செயலிழப்புக்கும் உள்ள தொடர்பில் ஐயமில்லை. கலிஃபோர்னியாவில் 3,20,252 பேரைப் பல ஆண்டுகள் தொடர்ந்து கவனித்து 2006இல் வெளியான ஆய்வில், இயல்பான எடை கொண்டவர்களோடு ஒப்பிட்டால் உயரத்தோடு ஒப்பிட்ட எடையின் அளவான பிஎம்ஐ 30க்கும் 35க்கும் இடையில் இருந்தவர்களுக்கு டயாலிசிஸ் அல்லது மாற்றுச் சிறுநீரகம் தேவைப்படும் நிலை வரும் வாய்ப்பு மூன்றரை மடங்கும், 40க்கு மேல் இருந்தவர்களுக்கு ஏழு மடங்கும் இருந்தது. ஆனால் தொடர்பு இருக்கிறது என்பது வேறு, எடையைக் குறைத்தால் நோய் தடுக்கப்படும் என்பது வேறு. இரண்டாவதற்கான சான்றுகள் அளவில் சிறியவை. ஸ்பெயினில் புரதம் கசியும் சிறுநீரக நோயுள்ள, எடை மிகுந்த 30 பேரை வைத்து நடந்த ஆய்வில், கலோரி குறைந்த உணவால் ஐந்து மாதங்களில் சராசரியாக 4 சதவீத எடைதான் குறைந்தது. ஆனால் 24 மணி நேரச் சிறுநீரில் வெளியேறிய புரதம் 2.8 கிராமிலிருந்து 1.9 கிராமாக இறங்கியது. எடையில் சிறிய இறக்கத்துக்கு இவ்வளவு பலன் கிடைத்தது என்பதால்தான் இந்த ஆய்வை நான் அடிக்கடி நினைவுகூர்கிறேன். பெரிய ஆய்வு என்றால் அமெரிக்காவின் லுக் அஹெட். சர்க்கரை நோயுள்ள 5,145 பேரை இரண்டு பிரிவாக்கி, ஒரு பிரிவினருக்குக் குறைந்த கலோரி உணவும் வாரத்துக்கு 175 நிமிட உடற்பயிற்சியும் கொடுத்துப் பல ஆண்டுகள் கவனித்தார்கள். முதல் ஆண்டில் அவர்கள் 8.6 சதவீத எடையை இழந்தார்கள். பின்னர் ஒரு பகுதி திரும்பி வந்து, முடிவில் 6 சதவீதத்தில் நின்றது. மாரடைப்பும் பக்கவாதமும் குறையுமா என்பதுதான் ஆய்வாளர்கள் முதலில் கேட்ட கேள்வி. குறையவில்லை, அதனால் 2012இல் ஆய்வு இடையிலேயே நிறுத்தப்பட்டது. ஆனால் 2014இல் வெளியான சிறுநீரகப் பகுப்பாய்வில், மிக ஆபத்தான கட்டத்துக்குச் சிறுநீரக நோய் முற்றுவது அந்தப் பிரிவினரிடம் 31 சதவீதம் குறைவாக இருந்தது. முதன்மைக் கேள்வியில் தோற்ற ஆய்வின் துணைக் கேள்வியில் கிடைத்த வெற்றி என்பதால் இதை இறுதித் தீர்ப்பாக எடுத்துக்கொள்ள மாட்டேன். எனினும் மேலே சொன்ன உடலியங்கியலோடு இது பொருந்தி வருவதால் புறந்தள்ளவும் மாட்டேன்.

உடற்பயிற்சியின் பங்கு, எடை இயந்திரத்தில் தெரிவதைவிடப் பெரியது. நடந்து குறைக்கும் எடை சொற்பம்தான். ஆனால் இரத்த அழுத்தம் இறங்குகிறது, இன்சுலின் நன்றாக வேலை செய்கிறது, உணவைக் குறைக்கும்போது கரையக்கூடிய தசை காப்பாற்றப்படுகிறது. 70 வயதுக்கு மேற்பட்ட, பெரும்பாலும் உட்கார்ந்தே இருந்த 1,199 பேரை இரண்டு ஆண்டுகள் கவனித்த ஓர் அமெரிக்க ஆய்வில், முறைப்படுத்திய மிதமான பயிற்சி செய்தவர்களுக்குச் சிறுநீரகச் செயல்பாடு இறங்கும் வேகம் சற்றே குறைவாக இருந்தது என்று சிஸ்டாட்டின் சி அளவீடு காட்டியது. வேறுபாடு சிறியதே, ஆனால் அந்த வயதில் அதைத் தரும் மாத்திரைகள் அதிகமில்லை. நடையோடு வாரத்தில் இரண்டு நாள் எடை தூக்கும் பயிற்சியையோ, நாற்காலியில் அமர்ந்து எழுவது போன்ற எளிய தசைப் பயிற்சியையோ சேர்த்துக்கொள்ளுங்கள். பழக்கமில்லாத உடம்போடு முதல் நாளே ஆவேசமாக இறங்குவதுதான் ஆபத்து. தசை நார்கள் உடைந்து அவற்றின் மயோகுளோபின் என்ற புரதம் சிறுநீரகக் குழல்களை அடைத்துவிட்டால், ஓரிரு நாளில் சிறுநீர் கறுத்த காப்பி நிறத்தில் போகும். உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டிய நிலை அது. கத்திரி வெயிலில் ஓடிவிட்டு, வலிக்கிறது என்று டைக்ளோஃபெனாக் அல்லது ஐபுபுரூஃபென் மாத்திரை போட்டுக்கொள்வது இதைவிட அதிகமாக நடக்கும் தவறு. உடலில் நீர் குறைந்திருக்கும்போது அந்த மாத்திரைகள் சிறுநீரகத்துக்குப் போகும் இரத்த ஓட்டத்தையும் சுருக்கிவிடும்.

உணவுக்கு வருவோம். தமிழ்நாட்டில் பேலியோ என்ற பெயரில் பரவிய, மாவுச்சத்தை வெட்டிக் கொழுப்பைக் கூட்டும் முறையைப் பற்றியும், வே புரோட்டீன் பொடியைப் பற்றியும் கேட்டிருக்கிறீர்கள். மாவுச்சத்தைக் குறைப்பது சிறுநீரகத்தைக் கெடுத்துவிடும் என்ற பொதுவான அச்சத்துக்கு நல்ல ஆதாரம் இல்லை. இஸ்ரேலில் 322 பேரை இரண்டு ஆண்டுகள் மூன்று உணவுமுறைகளில் வைத்துப் பார்த்தபோது, மாவுச்சத்து குறைந்த உணவை உண்டவர்களின் சிறுநீரகச் செயல்பாடு மற்றவர்களுடையதைவிட மோசமாகவில்லை. ஆனால் அந்த ஆய்வில் முற்றிய சிறுநீரக நோயாளிகள் இல்லை. மாவுச்சத்து மிகக் குறைந்து, உடல் கொழுப்பை எரித்தே இயங்கும் கீட்டோ நிலைக்குப் போகும்போது முதல் வாரத்தில் நீரும் சோடியமும் வேகமாக வெளியேறும். யூரிக் அமிலம் ஏறும். கல் உண்டாகும் வாய்ப்பும் கூடும். வலிப்பு நோய்க்காகக் கீட்டோ உணவில் வைக்கப்படும் குழந்தைகளுக்குச் சிறுநீரகக் கல் வருவது மருத்துவர்கள் நன்கறிந்த பக்கவிளைவு. ஏற்கெனவே கல் வந்தவர்களும் கவுட் என்ற மூட்டுவாதம் உள்ளவர்களும் இந்த முறையைத் தேர்ந்தெடுக்காமல் இருப்பது நல்லது.

புரதத்தில் இரண்டு தேவைகள் ஒன்றோடொன்று மோதுகின்றன. எடை குறையும்போது தசை கரையாமலிருக்கப் புரதம் வேண்டும். மிகைப் புரதமோ வடிமுடிச்சின் அழுத்தத்தை ஏற்றும். இஜிஎஃப்ஆர் 60க்குக் கீழே போனவர்களுக்கு ஒரு கிலோ எடைக்கு நாளொன்றுக்கு 0.8 கிராம் அளவு என்றும், நோய் முற்றும் ஆபத்துள்ளவர்கள் 1.3 கிராமைத் தாண்டக் கூடாது என்றும் 2024ஆம் ஆண்டின் பன்னாட்டு வழிகாட்டு நெறி சொல்கிறது. உங்களுக்கு 0.8 என்ற கட்டாயம் இல்லை. ஆனால் 30க்கு மேல் ஆல்புமின் மூன்று மாதங்களுக்கு மேலாகக் கசிவதால், இஜிஎஃப்ஆர் நன்றாக இருந்தும் உங்களுக்குத் தொடக்க நிலைச் சிறுநீரக நோய் இருக்கிறது என்றே பொருள். ஆகவே 1 கிராம் அளவில், பருப்பு, சுண்டல், தயிர், முட்டை, மீன் என்று உணவிலிருந்தே எடுத்துக்கொள்ளுங்கள்; பொடி தேவையில்லை. உப்பு மொத்தமும் நாளுக்கு 5 கிராமுக்குள் இருக்க வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அளவு. சோற்றைப் பாதியாக்கிவிட்டு, பசியை அடக்க ஊறுகாயும் அப்பளமும் மோர்மிளகாயும் கருவாடும் தொட்டுக்கொள்பவர்களைப் பார்க்கிறேன். கலோரியில் மிச்சம் பிடித்ததை உப்பில் இழந்துவிடுகிறார்கள். சோடியம் குறைந்தது என்று விற்கப்படும் உப்பில் சோடியத்துக்குப் பதிலாகப் பொட்டாசியம் இருக்கும். டெல்மிசார்ட்டன் சாப்பிடுபவர்களும் இஜிஎஃப்ஆர் குறைந்தவர்களும் மருத்துவரைக் கேட்காமல் அதற்கு மாறக் கூடாது.

நான் உண்மையிலேயே அஞ்சுவது கொழுப்பைக் கரைக்கும் சாறுகளையும் மூலிகைகளையும்தான். கேரளத்தில் இரும்பன்புளி என்று சொல்லப்படும் பிலிம்பிக் காயைச் சாறாக்கி, கொலஸ்ட்ரால் குறையும் என்று நம்பிக் குடித்தவர்களுக்குச் சிறுநீரகம் திடீரெனச் செயலிழந்த பத்து நிகழ்வுகள் 2013இல் மருத்துவ இதழில் பதிவாயின. அந்தக் காயின் ஆக்சலேட் படிகங்கள் குழல்களை அடைத்ததே காரணம். பாலக்கீரையை நாள்தோறும் பச்சையாக அரைத்துக் குடிக்கும் இன்றைய வழக்கத்திலும் ஆக்சலேட் நிறைய உண்டு. இதைவிடக் கொடிய பாடம் பெல்ஜியத்தில் நடந்தது. 1990களின் தொடக்கத்தில் பிரஸ்ஸல்ஸ் நகரில் எடைக் குறைப்பு மருத்துவமனை ஒன்றில் தரப்பட்ட மூலிகை மாத்திரையில், ஸ்டெஃபானியா என்ற தாவரத்துக்குப் பதிலாக அரிஸ்டோலோக்கியா இனத் தாவரம் தவறுதலாகச் சேர்ந்துவிட்டது. நூற்றுக்கும் மேற்பட்டவர்களுக்கு, அவர்களில் பெரும்பாலோர் பெண்கள், சிறுநீரகம் பாதிக்கப்பட்டது; பலருக்கு முழுவதுமாகச் செயலிழந்தது. பின்னர் முன்னெச்சரிக்கையாகச் சிறுநீரகங்களை அகற்றிக்கொண்ட 39 பேரில் 18 பேருக்குச் சிறுநீர்ப் பாதையில் புற்றுநோய் இருந்தது. நம் ஊர் ஆடுதீண்டாப்பாளையும் ஈசுவரமூலியும் இதே அரிஸ்டோலோக்கியா இனத்தைச் சேர்ந்தவை. உள்ளே என்ன இருக்கிறது என்று எழுதப்படாத எந்தப் பொடியையும், அது எவ்வளவு இயற்கையானது என்று சொல்லப்பட்டாலும், தொட வேண்டாம்.

எடை குறையும்போது மாத்திரைகளின் அளவும் அதற்கேற்ப மாற வேண்டும் என்பதை மருத்துவர்களே சில சமயம் தவறவிடுகிறார்கள். 92 கிலோவுக்கு எழுதிய கிளைமிபிரைடு என்ற சர்க்கரை மாத்திரையும் இன்சுலினும் 83 கிலோவில் சர்க்கரையைத் தாழ்த்திவிடும்; பழைய அளவு இரத்த அழுத்த மாத்திரையால் எழுந்து நிற்கும்போது தலை சுற்றும், சிறுநீரகத்துக்கு இரத்தமும் குறையும். டாபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் போன்ற சர்க்கரை மாத்திரைகள் சிறுநீரகத்துக்கு நல்ல பாதுகாப்பு தருபவை. ஆனால் அவற்றைச் சாப்பிட்டுக்கொண்டே மாவுச்சத்தை அறவே வெட்டினாலோ, நீண்ட விரதம் இருந்தாலோ, சர்க்கரை அதிகம் ஏறாமலே இரத்தத்தில் கீட்டோ அமிலம் மிகுந்து உயிருக்கே ஆபத்தாகலாம். வாந்தி, வயிற்றுப்போக்கு வந்த நாள்களில் எந்த மாத்திரைகளை நிறுத்திவைக்க வேண்டும் என்று முன்கூட்டியே கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

எடையைக் குறைக்கச் சொல்லக் கூடாதவர்களும் இருக்கிறார்கள். டயாலிசிஸில் இருப்பவர்களிடம் எடை மிகுந்தவர்களே அதிக காலம் வாழ்வதாகப் பல ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. அங்கே தானாகக் குறையும் எடை, ஊட்டம் குன்றியதன் அறிகுறி. இலங்கையின் வடமத்திய மாகாணத்தில் விவசாயிகளைத் தாக்கும் காரணம் தெரியாத சிறுநீரக நோய் பெரும்பாலும் மெலிந்த உழைப்பாளிகளுக்கு வருவது. அவர்களிடம் எடையைப் பற்றிப் பேசுவதில் பயனில்லை. உங்கள் நிலைமை வேறு. பிஎம்ஐ 32இலிருந்து 29க்கு அருகில் வந்திருந்தாலும், இந்தியர்களுக்கான அளவுகோலில் 25க்கு மேல் பருமன்தான். எனவே மாதத்துக்கு ஒன்று, ஒன்றரைக் கிலோ என்ற வேகத்தில் இன்னும் ஐந்தாறு கிலோ குறைக்க இடமிருக்கிறது.

மூன்று மாதம் கழித்து அதே ஆய்வகத்தில் மீண்டும் பாருங்கள். முந்தைய நாள் கடும் உடற்பயிற்சி வேண்டாம், ஏனெனில் அது ஒருநாள் அளவுக்கு ஆல்புமினை ஏற்றிக் காட்டும். முந்தைய இரவு இறைச்சியும் வேண்டாம். காலையில் முதலில் கழிக்கும் சிறுநீரைக் கொடுங்கள். காய்ச்சலோ சிறுநீர்த் தொற்றோ இருந்தால் தள்ளிப்போடுங்கள். இஜிஎஃப்ஆர் 90ஐ ஒட்டி நின்று, ஆல்புமின் 30ஐ நோக்கி இறங்கிக்கொண்டிருந்தால் இப்போது செய்வதையே தொடருங்கள். இஜிஎஃப்ஆர் 80க்குக் கீழே போயிருந்தாலோ, ஆல்புமின் பழையபடி ஏறியிருந்தாலோ, இரத்த அழுத்தம், மாத்திரைகள், நீர்ச்சத்து ஆகியவற்றைப் பார்த்தபின் சிறுநீரில் இரத்த அணுக்கள் உண்டா என்ற பரிசோதனையும் வயிற்று ஸ்கேனும் எடுத்துக்கொண்டு ஒரு சிறுநீரக மருத்துவரைப் பாருங்கள். சர்க்கரை நோயாளிக்கு எடைக்கும் சர்க்கரைக்கும் தொடர்பில்லாத வேறொரு சிறுநீரக நோயும் வரலாம். அதற்கு வேறு சிகிச்சை வேண்டும்.